தண்டவாளம் போடாமலே ரயில் விடுவது எப்படி?

வேலை, வீடு, சாப்பாடு போக ஒரு நாளில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். மாதிரி ரயில் ஆசை பிடித்தவர் அதில் ஒன்றே முக்கால் மணியை இணையத்துக்கு எழுதிவைத்துவிட வேண்டும். முதலில் ஹாம்பர்க் நகரத்து மினியேச்சர் வுண்டர்லாண்ட் வீடியோக்கள். 2001-இல் திறந்தது, உலகிலேயே பெரிய மாதிரி ரயில் என்று கின்னஸ் ஒப்புக்கொண்டது. கார்கள் தாமாக ஓடும், விமானம் மேலே கிளம்பும். பார்த்த கையோடு நம் மேசையில் கிடக்கும் ஒற்றை எஞ்சினையும் நாலு துண்டு தண்டவாளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கை தானாக அடுத்த வீடியோவைத் தட்டும்.

அலுத்தால் சண்டைக்குப் போகலாம். அதற்கு எச்ஓ அளவைப் போல வசதியான விஷயம் கிடையாது. எச்ஓ என்றால் 87-இல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது வெள்ளைக்காரர்களின் 1,435 மி.மீ. பாதைக்குப் போட்ட கணக்கு. நம் அகலப் பாதை 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. ஆக, கடைத் தண்டவாளத்தில் நிற்கிற நம்மூர் எஞ்சின் எதுவானாலும் கிட்டத்தட்ட 3 மி.மீ. பொய். இந்த 3 மி.மீ.க்காக முகம் தெரியாதவரோடு நடுராத்திரி வரை மல்லுக்கு நிற்கலாம். நாலடி தள்ளி நின்றால் யார் கண்ணுக்கும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சண்டை அதோடு தீர்ந்துபோகும். ஊட்டி ரயில் செய்கிறவருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மீட்டர் பாதைக்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள். அவர் கல்லாறு–குன்னூர் பல்சக்கரப் பாதையைப் பற்றிப் புதிதாக ஒரு சண்டையை ஆரம்பித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாடகர் ராட் ஸ்டூவர்ட்டை உதாரணம் காட்ட யாராவது வருவார்கள். கச்சேரிக்காக ஊர் ஊராகப் போகும்போதும் ஓட்டலில் தனி அறை போட்டுக் குட்டிக் கட்டடங்கள் செய்து, தன் வீட்டு ரயில் நகரத்தை 2019-இல் உலகுக்குக் காட்டியவர். மனிதருக்குக் கச்சேரி மட்டும்தானே? நம்மைப் போல வாட்ஸ்அப் குழுக்கள் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனி அந்தக் கால்மணி. அதையும் வீணாக்கத் தெரியாதவர்கள் ஜல்லி போடலாம். சலித்த கல்தூளைச் சிலீப்பர்களுக்கு நடுவே தூவி, பிரஷ்ஷால் ஒதுக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரைத் தெளித்து, பிறகு பாதிக்குப் பாதி நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்த ஒரு சொட்டு சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டுகொண்டு நிற்கும். பாதை பிரிகிற பாயிண்ட் பக்கம் போனால் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே பசை புகுந்தால் பாதை திரும்பவே திரும்பாது.

இந்த வேலையில் ஒரு ஆபத்து உண்டு. ஜல்லி காய ஓர் இரவு முழுக்க ஆகும். பிளாஸ்டர் மலைக்கும் பெயின்ட்டுக்கும் காயும் நேரம் உண்டு. காய்கிற நேரத்தில் போனைப் பார்ப்பது, ஈரமாக இருக்கும்போது தண்டவாளத்தைப் பார்ப்பது என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே நடந்துவிடுகின்றன, பிறகு குறைசொல்ல எதுவும் இருக்காது. இன்னும் மோசம், ஃபெவிக்விக். கட்டைவிரலில் அது படிந்து இறுகிவிட்டால் போனின் கைரேகைப் பூட்டுக்கு நீங்கள் யாரோ எவரோ. அந்த எரிச்சலில் ஒரு ஸ்டேஷன் கட்டடத்தை முழுசாகச் செய்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. முன்ஜாக்கிரதையாகப் பின் நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

"இன்னும் ஓடலையா?" என்று வீட்டில் கேட்டால் "வயரிங் நடக்குது" என்று சொல்லுங்கள். சில வருஷம் தாங்கும் பதில் இது. மாமனார் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவராக இருந்தால் மட்டும் சொல்லாதீர்கள். "எங்கே மாப்பிள்ளை, பார்க்கலாம்" என்று டார்ச்சோடு மேசைக்கு அடியில் குனிந்துவிடுவார்.