ஒட்டுக்கேட்பின் சுகம்: யோ லா டெங்கோவின் ஓர் ஆல்பம் குறித்த ஆய்வு

அமெரிக்காவின் யோ லா டெங்கோ குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அண்ட் தென் நத்திங் டர்ன்ட் இட்செல்ஃப் இன்சைட்-அவுட்’ ஆல்பத்தை ரசிகர்கள் ஏன் விடாமல் கேட்கிறார்கள் என்று கேட்டால் மென்மை, ஏக்கம், இரவின் வாசம் என்றெல்லாம் விடை வருகிறது. இவை தள்ளத்தக்கவை. மென்மைதான் காரணமென்றால் மின்விசிறிக்கும் ரசிகர் மன்றம் இருந்திருக்கும். இக்கட்டுரை நிறுவ முற்படுவது யாதெனில், இந்த ஆல்பம் தரும் சுகம் ஒட்டுக்கேட்பதன் சுகம். விளக்கணைத்த பிறகு பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது சுவர் வழியே காதில் விழுந்தால் மனிதர் எவரும் என்ன செய்வாரோ, அதையே இங்கே ரசிகர் காசு கொடுத்துக் கௌரவமாகச் செய்கிறார்.

முதற்சான்று, ஆட்களே. பாடி கிடார் வாசிக்கும் ஐரா கப்லனும், டிரம்ஸ் வாசித்துப் பாடும் ஜார்ஜியா ஹப்லியும் தம்பதியர். 1984இல் குழு தோன்றிய ஹோபோகன், ஹட்சன் ஆற்றின் அக்கரையில் நியூயார்க்கைப் பார்த்தபடி இருக்கும் ‘ஒரு சதுர மைல் நகரம்’. வீட்டை ஒட்டி வீடு நிற்கிற அந்த ஊரில் குரலை உயர்த்தினால் சமாசாரம் தெருவுக்குப் போய்விடும். ஆகவே ஆல்பம் நெடுகிலும் இருவரும் அடக்கியே பாடுகிறார்கள். ஆர்கன் பின்னால் முனகுகிறது. டிரம்ஸ் யாரையும் எழுப்பிவிடாத பதத்தில் நடக்கிறது. இரண்டாம் பாட்டில் காதல் அரும்பிய நாளை நினைத்து உருகும் அதே கப்லன், ஆறாவதான ‘தி கிரையிங் ஆஃப் லாட் ஜி’யில் மனஸ்தாபம் தீராத கணவனாகிவிடுகிறார். அவர் பாடுகிறார் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் முணுமுணுக்கிறார். சொல் பாதியில் அமுங்கும்போது கேட்பவர் கை தானாக வால்யூமைக் கூட்டப் போகிறது. கூட்டினால் ஆர்கனும் கூடவே உயர்ந்து, சொல் பழையபடி அமுங்குகிறது. ஒட்டுக்கேட்பவருக்கு இதைவிடப் பெரிய தூண்டில் கிடையாது. அகப்பாட்டுத் துறைகளில் தலைவன் சிறைப்புறத்தில், அதாவது வேலிக்கு அப்பால், நிற்பது தெரிந்தே தோழி பேசுவாள். இந்தத் தம்பதியும் நாம் நிற்பதை அறிந்தவர்கள்தான் என்பது என் சந்தேகம்.

அஃதேல், இது பதிவானது ஹோபோகனில் அன்று, ரோஜர் மூட்டனோவின் தயாரிப்பில் நாஷ்வில்லில் அல்லவா எனின், அறியாது கடாயினாய் என்று பழைய உரையாசிரியர்கள் மடக்கியிருப்பார்கள். அவ்வளவு கடுமை வேண்டாம். பதினாறு வருஷம் சுவருக்குப் பயந்து பழகிய தொண்டை வெளியூர் போனதும் திறந்துவிடாது. ஒன்பதாவது பாட்டான ‘செர்ரி சாப்ஸ்டிக்’கில் கிடார் காதைப் பிளக்கிறதே என்பது அடுத்த தடை, கொஞ்சம் வலுவானது. ஆனால் அது என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. இவர்களுக்குச் சத்தம் போடத் தெரியாமலில்லை, அதில் பேர் வாங்கியவர்கள். பன்னிரண்டு பாட்டுக்கு அடக்கியது ஒரு பாட்டில் வெடித்தால் அதுவும் குடும்ப லட்சணம்தான். பாஸ் கிடார் வாசிக்கும் ஜேம்ஸ் மெக்நியூ என்ற மூன்றாமவர் எதற்கு என்பாரும் உளர். தம்பதிப் பூசலுக்கு ஒரு சாட்சியும் இருந்தால் அது எவ்வளவு சுவைப்படும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

எஞ்சுவது, கடைசிப் பாட்டு பதினேழு நிமிடத்துக்கு மேல் நீள்கிறதே, பாதிக்குமேல் பேச்சே இல்லையே என்ற முறையீடு. பேச்சு நின்றபிறகும் சுவரை விட்டு நகராதவரே உண்மையான ஒட்டுக்கேட்பவர். அந்த வகையினருக்கென்றே அந்தப் பாட்டு. என் முடிபை மறுக்க விரும்புவோர் இரவு பதினொன்றுக்குமேல் எழுபத்தேழு நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு எழுதவும். பகலில் கேட்டு எழுதும் மறுப்புகள் ஏற்கப்படமாட்டா.