புகார் தாண்டாத பீங்கான்

விருத்தாசலத்தில் ஃபியூஸ் பீங்கான் செய்கிறார்கள். மின்சாரம் அதைத் தாண்டாது. நம் கல்லூரிகள் இந்த நுட்பத்தைப் புகாருக்கும் பயன்படுத்துவது பெருமைக்குரியது.

சாதிப் பாகுபாட்டுப் புகாரை 60 நாளில் முடிக்கச் சொல்லி 2012-ல் யுஜிசி விதி போட்டது. 60 நாள் எதற்கு? புகார்ப் பெட்டியை முதல்வர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டினால் புகாரே வராது. பூட்டு இன்னும் பளபளக்கிறது, சாவியைத்தான் காணோம்.

"காலனிப் பொண்ணுதானே, புதுமைப் பெண் ஆயிரத்துக்காக வருது" என்று வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார் பேராசிரியர். என்ன ஒளிவுமறைவற்ற மனசு!

தப்பித்தவறிப் புகாரை விசாரிக்கும் குழுத் தலைவர் மேலேயே புகார் வந்தால்? அவரே விசாரித்து, அரைமணியில் தன்னை விடுவித்துக்கொள்வார். மாணவிக்கும் அலைச்சல் வைப்பதில்லை. கேட்காமலே டிசி, அன்று மாலையே.