வாக்கிங்: சொல்லும் சுற்றும்

கால் முளைத்த நாள்முதல் மனிதன் நடக்கிறான். ஆனால் ‘வாக்கிங் போவது’ அண்மைக் காலத்து வழக்கம். இரண்டும் ஒன்றுதான் என்று வாதிடுவோர் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துக்கு ஒருநாள் விடியற்காலையில் வரவேண்டும். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880இல் கட்டி முடிந்த நேப்பியர் அருங்காட்சியகம் அங்கே பூட்டிக் கிடக்கும். அதைச் சுற்றி ஊரே போய்க்கொண்டிருக்கும், எங்கும் போய்ச் சேராமல்.

இலக்கணச் சோதனை எளிது. “எங்கே?” என்று கேட்டதும் “சாலைக் கடைத்தெருவுக்கு” என்று பதில் வந்தால் அது நடை. “சும்மா, வாக்கிங்” என்றால் வாக்கிங். மேலும் தமிழில் எவரும் வாக்கிங் ‘நடப்பதில்லை’, ‘போகிறார்கள்’. நடத்தல் என்ற வினை இதில் அறவே தேவைப்படாதது கவனிக்கத்தக்கது. வளாகத்து பெஞ்சில் முக்கால் மணி நேரம் அரசியல் பேசிவிட்டு வீடு திரும்புபவரும் வாக்கிங் போய் வந்தவரே.

இனி வேர்ச்சொல். பழைய ஆங்கிலத்தில் ‘வாக்’கின் மூதாதைச் சொல்லுக்கு உருளுதல், புரளுதல் என்று பொருள், கடலலையின் புரளலுக்கும் அதுவே சொல். காலால் நடப்பது என்ற பொருள் 13ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தலையெடுத்தது. நெய்த கம்பளித் துணியை நனைத்து மிதித்துக் கெட்டியாக்கும் தொழிலாளி ‘வாக்கர்’ எனப்பட்டார். அந்தக் குடும்பப் பெயர் இன்றும் உண்டு. அவர் நாளெல்லாம் மிதித்தார், ஓரடி முன்னேறவில்லை. ஆங்கிலேயர் மறந்துவிட்ட மூலப்பொருளை மியூசியத்துச் சுற்றுநடையாளர்களே மீட்டெடுத்தார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு. மொழியியலாளர் எவரும் இதை ஏற்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

இந்த ஊருக்கு இரவல் சொல் தேவைப்பட்டதற்கும் காரணம் கூறலாம். மலையாளத்தில் ‘நட’ என்றால் கோயில் வாசலும்தான். பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு வாசல் ‘கிழக்கே நட’. குமரி மாவட்டத்துக்காரரும் “நடை சாத்தியாச்சா?” என்றே கேட்பார். திறப்பதும் சாத்துவதுமாக ஓரிடத்தில் நிற்கும் சொல்லை வைத்துக்கொண்டு எப்படி உலாவுவது?

ஆராட்டுதான் ஆய்வுக்குச் சிக்கல். ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஊர்வலமாகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். திருவிதாங்கூர் அரச குடும்பத்துத் தலைவர் வாளேந்தி உடன் நடக்கிறார். வழி விமான நிலைய ஓடுபாதைக்குக் குறுக்கே போவதால் சில மணி நேரம் விமானங்கள் நிற்கின்றன. புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதால் இதை வாக்கிங் எனலாமா? கூடாது, நீராடல் என்ற நோக்கம் உண்டு.

வளர்ப்பு நாயின் வழக்கு இன்னும் தீரவில்லை. “நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்” என்கிறார் உரிமையாளர். ஒவ்வொரு மின்கம்பத்திலும் அதற்கு வேலை இருக்கிறது. மேலே கண்ட சோதனைப்படி நாய் நடக்கிறது. வாக்கிங் போகிறவர் சங்கிலியின் மறுமுனையில் இருப்பவர்.