கையெழுத்துப் போட்டவன் சொல்றேன்

மாப்ளே, காலையில காபி டம்ளரும் கையுமா உக்காந்து போனைத் தள்ளிக்கிட்டே இருந்த. திடீர்னு விரலு நின்னுச்சு. அந்த நிப்பு எனக்குப் புதுசில்ல. கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில நம்ம திராட்சைப் பந்தலுக்கு அடியில வியாபாரி குனிஞ்சு நடந்து வருவான். நல்ல கொத்து ஒண்ணு கண்ணுல பட்டா ஒரு நொடி நிப்பான். உடனே பாக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "என்ன, பழமெல்லாம் வெடிச்சிருக்கே"ன்னு குறை சொல்லுவான். அவனுக்கு அந்த வெக்கமாச்சும் இருந்துச்சு. நீ நின்ன எடத்துலயே கார்டு நம்பரை அடிச்சுட்ட.

என்னப்பான்னு கேட்டா ஒயின் கடை மெயில்னு சொன்ன. நம்ம ஊருல ஒயின் ஷாப்னா ஒயினைத் தவிர எல்லாம் இருக்குற கடை. டாஸ்மாக்குல இருந்து எவனுக்காச்சும் மெயில் வந்து பாத்திருக்கியா? அவனுக்கு அந்த அவசியமில்ல. இந்தக் கலிபோர்னியாவுல என்னடான்னா, கடைக்காரன் வெடியக்காலையில எந்திரிச்சு உனக்குக் காதல் கடுதாசி எழுதுறான். தமிழ்ல படிச்சுச் சொல்லுன்னேன், சொன்ன. ஒயினுக்குப் பேரு போன நாப்பா பக்கத்துச் சரக்காம். 48 பாட்டில்தான் மிச்சமாம். ராத்திரி 12 மணியோட முடியுதாம். யாரு தோட்டம்னு சொல்ல மாட்டானாம், ஆனா அடுத்த வேலிக்காரன் சரக்கு மாதிரி இதுவும் 90 டாலர் பெறுமாம், உனக்கு 30தானாம். குடிச்சா பென்சில் சீவுன வாசம், ஈரக்கல்லு வாசம், தோல் சேணத்து வாசமெல்லாம் வருமாம். இத்தனை வாசம் சொன்னானே, திராட்சை வாசம் வருமான்னு ஒரு வார்த்தை எழுதல பாரு.

தோட்டக்காரன் பேரு சொல்லாம சரக்கு வந்தா எங்காளுக எட்ட நின்னு யோசிப்பாங்க. ஆனா இதுல பொய்யி இருக்கணும்னு இல்ல மாப்ளே, நியாயத்தைப் பேசுவோம். விளைச்சல் மிஞ்சிப்போனா பெரிய பேருள்ளவன் மிச்சச் சரக்கைக் கமுக்கமா தள்ளிவிடுவான். என் பேரைச் சொல்லாதன்னு வாங்குறவன்கிட்ட எழுதி வாங்கிக்குவான். பேரு வெளிய போனா அவனோட 90 டாலர் பாட்டிலை எவன் தொடுவான்? ஒரே சங்கடம், அதே கதையச் சாதாச் சரக்குக்காரனும் சொல்லலாம். பேரு தெரியாத வரைக்கும் ரெண்டு பேரும் ராஜா வீட்டுப் பிள்ளைகதான்.

அந்த 12 மணி சமாச்சாரத்தை என்கிட்ட விட்டுரு. நானே அதைச் செஞ்சவன். வியாபாரி விலை ஏத்தாம முணுமுணுத்தா, "சாயங்காலம் கேரளா வண்டி வருதுப்பா, ஒன் இஷ்டம்"னு சொல்லிட்டு வாய்க்காலப் பாத்துக்கிட்டு நிப்பேன். வண்டி வராது. வண்டியே கெடையாது. ஆனா ரெண்டு ரூவா ஏறும். உன் 12 மணி அந்தக் கேரளா வண்டிதான் மாப்ளே. மறுநாளே, "பலபேர் கேட்டுக்கிட்டதால கிட்டங்கியில தேடி இன்னும் 60 பாட்டில் கண்டெடுத்தோம்"னு ஒரு மெயில் வரும். கண்டெடுக்க அது என்ன காணாமப்போன கன்னுக்குட்டியா?

மார்க்கு போட்டிருக்கான் மாமா, 94-ன்னு சொன்ன. மேரிலாந்துல ராபர்ட் பார்க்கர்னு ஒரு வக்கீலு, 1978-ல பத்திரிகை ஆரம்பிச்சு 100-க்கு மார்க் போட்டுப் பழக்கிவிட்டாரு. அதுல ஆரம்பமே 50. பள்ளிக்கூடத்துக்கு வந்து உக்காந்தாலே 50! நாங்க 35 வாங்க அழுது புரண்டோம். உனக்கு வர்ற மெயில்ல எல்லாம் 90-க்கு மேலதான். 84 வாங்குன பிள்ளைய எந்தக் கடைக்காரனும் கூட்டிக்கிட்டு வர்றதில்ல.

மார்க் போடுறவன் லட்சணத்தையும் கேளு. ராபர்ட் ஹாட்ஜ்சன்னு ஒரு ஓய்வுபெத்த பேராசிரியரு, அவரே ஒயின் பண்றவரு. நம்ம சரக்கு ஒரு போட்டியில தங்கம் வாங்குது, இன்னொண்ணுல குப்பையில விழுகுதேன்னு அவருக்கு ஒரு அரிப்பு. கலிபோர்னியா மாநிலப் பொருட்காட்சி ஒயின் போட்டி நடுவருங்களுக்கு 2005-லருந்து வருசாவருசம், ஒரே பாட்டில்ல இருந்து மூணு கிளாசு ஊத்தி, மத்ததோட கலந்து, சொல்லாம நீட்டச் சொன்னாரு. முதல் கிளாசுக்கு 90 போட்ட ஆளு அடுத்ததுக்கு 86 போடுறான், இன்னொண்ணுக்கு 94. பத்துல ஒருத்தர்தான் ஒரே பேச்சா நின்னாரு. உன் 94 மூணாவது கிளாசோ என்னவோ, யாரு கண்டா.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. 2008-ல வெளிவந்த சேதி, இங்க கால்டெக் பல்கலைக்கழகத்துல மூளையப் படம் பிடிக்கிற மிசினுக்குள்ள ஆளுகளப் படுக்கவச்சு, குழாயில ஒயின் விட்டுருக்காங்க. ஒரே ஒயினை ஒருதடவை 10 டாலர்னும் ஒருதடவை 90 டாலர்னும் சொல்லிவிட்டுருக்காங்க. 90-ன்னு கேட்டப்ப சும்மா வாயால புகழலப்பா, மண்டைக்குள்ள சந்தோசப்படுற எடமே கூடுதலா எரிஞ்சிருக்கு. இதைப் படிச்சப்பதான் உன் கடைக்காரன் சூட்சுமம் எனக்கு விளங்குச்சு. 90-ஐ அழிக்காம, குறுக்க ஒரு கோடு மட்டும் போட்டுவச்சிருக்கான் பாத்தியா? குடுக்குறது 30, குடிக்கிறது கோடு போட்ட அந்த 90. அதனால நீ நஷ்டப்பட்டேன்னு சொல்ல மாட்டேன். விருந்தாளி வந்தா கோடு போட்ட விலைய மட்டும் சொல்லு, அவங்களுக்கும் இனிக்கும். ஏற்கெனவே அப்படித்தான் சொல்றன்னு போன சனிக்கிழமை தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை விருந்துக்கு வந்த உன் ஒயின் கூட்டாளிகளும் லேசுப்பட்டவங்க இல்ல. கண்ணாடிக்காரன் மெயில் வந்ததும் பத்துக் கடையில விலை விசாரிப்பான், மழை வந்துச்சா வெயில் அடிச்சுச்சான்னு அந்த வருசத்து ஜாதகம் பாப்பான். முடிவெடுத்து அமுக்குறப்ப சரக்கு தீந்துருக்கும். வாயில வைக்காத ஒயினுக்கு ஒரு வாரம் துக்கம் காக்குறான். உயரமானவன் கோவப்பட்டு, இனிமே எனக்கு மெயில் போடாதன்னு பட்டனை அமுக்குனானாம். 10 வேலை நாளுக்குள்ள பேரை எடுத்துரணும்னு இந்த நாட்டுல 2003-லயே சட்டம் இருக்காமே. அவங்களும் யோக்கியமா எடுத்துட்டாங்க. இவனுக்குத்தான் தூக்கம் போச்சு, எதைத் தவறவிட்டோமோன்னு அவனே திரும்பப் போய்ப் பேரு குடுத்துட்டு வந்தான். மீசைக்காரன்தான் கெட்டி. ஒயின் மெயிலுக்குன்னே தனி முகவரி வச்சு, வெள்ளிக்கிழமை மட்டும் எட்டிப் பாக்குறானாம். சின்னவீட்டுச் செலவு இல்லாம அந்தத் திருட்டுக் குஷி!

உங்க யாருக்கும் வராத மெயில் ஒண்ணு இருக்கு. டிரேடர் ஜோஸ் கடையில 2002-ல சார்லஸ் ஷான்னு ஒரு சரக்கு வந்துச்சு, அப்ப பாட்டில் 1.99 டாலர். அதோட ஷார்டனேங்குற வெள்ளை ஒயின் 2007-ல இதே மாநிலப் பொருட்காட்சியில கலிபோர்னியாவுலயே சிறந்த ஷார்டனேன்னு பரிசு வாங்குச்சு. ஹாட்ஜ்சன் சோதிச்ச அதே பொருட்காட்சிதான், அதனால அந்தப் பரிசையும் நான் தலையில தூக்கிவைக்கல. ஆனா நெசமாவே மலிவா இருக்குறதுக்கு எவனும் கடுதாசி எழுதுறதில்ல. கோடு போட்டு அடிக்க அதுல விலை ஏது?

அப்புறம் அந்த அனுப்புற கூலி. 2 பாட்டில் போதும்னு ஆரம்பிச்ச. 12 வாங்குனா கூலி கெடையாதுன்னான், 12 வாங்கிட்ட. கயிறு சும்மா கெடைக்குதுன்னு எருமை வாங்குனவன் நம்ம ஊருல ஒருத்தன் இருந்தான், அவனாச்சும் பால் கறந்தான். நீ கேரேஜுல அடுக்கிவச்சுருக்க. ஒயினுக்கு 13 டிகிரி குளுமை வேணும்னு நீயே சொன்ன. ஜூலை வெயில்ல உன் கேரேஜுக்குள்ள போனா என் வழுக்கையில வடகம் பொரியுது. வெயில் காலத்துல கடைக்காரனே பயந்து பெட்டிய அனுப்பாம நிறுத்திவைக்கிறான், அவனுக்கு இருக்குற அக்கறை உனக்கில்ல. நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடே கெடைச்சுருச்சு, அதைக்கூட நாங்க வெட்டுன அன்னைக்கே வண்டி ஏத்திருவோம்.

நான் சொல்றதுக்காக வாங்குறத நிறுத்திப்புடாத. மெயிலை அழிச்சாலும் ராத்திரி 11.50-க்கு எந்திரிச்சு குப்பையிலருந்து எடுத்துப் படிக்கிற ஆளு நீ, பாத்ரூம் வெளிச்சத்துல பாத்தேன். நான் குடிக்கிறவன் இல்லன்னு கம்பம் பூரா தெரியும், கம்பத்துக்குத் தெரிஞ்சதோட அது இருக்கட்டும்.

விஷயம் என்னன்னா, ஒயின் பெட்டி வந்தா 21 வயசு தாண்டுனவங்க யாராச்சும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணுமாம். பகல்ல நீயும் ஆபீசு, எம் மகளும் ஆபீசு. வீட்டுல 21 தாண்டி இன்னொரு அம்பது வயசும் தாண்டுனவன் நான் ஒருத்தன்தான். பாஸ்போர்ட்டை நீட்டி, இதுவரைக்கும் நாலு பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டுருக்கேன். எம் மக நேத்துக் கேட்டுச்சு. மூணுன்னு சொல்லியிருக்கேன். அந்த நாலாவது பெட்டி துணி சோப்பு டப்பாவுக்குப் பின்னால இருக்கு, எப்பத் திறக்கலாம் மாப்ளே?