பெடலுக்கு முன் பாதம்

கே: எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் எல்லாரும், ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறிவிட்டார்கள். நான் மட்டும் சாதா பெடலில் மிதிக்கிறேன். மாறியே ஆகணுமா? – திருவான்மியூர் வாசகர்

ப: குழு மாறியது ஒரு காரணமே இல்லை. வேகமாக மிதிக்கும்போது கால் பெடலை விட்டு நழுவுகிறதா? மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பாதம் இடம் மாறுகிறதா? ஆமாம் என்றால் மாறுங்கள். இல்லையென்றால் முள் பதித்த நல்ல ஃப்ளாட் பெடலும் தட்டையான ரப்பர் சோல் ஷூவும் போதும். அதை வைத்துக்கொண்டு கன்னியாகுமரிவரை போகலாம்.

கே: கிளிப்லெஸ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் வேகம் கூடும்? காலை மேலே இழுத்தும் ஓட்டலாம் என்கிறார்களே? – ஆவடி வாசகர்

ப: சமதரையில் சீராகப் போகும்போது பெரிதாக ஒன்றும் கூடாது. வண்டியை நகர்த்துவது கீழே அமுக்கும் கால்தான். மேலே வரும் கால், அமுக்கும் காலுக்குப் பாரமாக இல்லாமல் இருந்தாலே போதும். அதை வலிந்து இழுக்கச் சொல்லி ஆய்வுக்கூடத்தில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அதே வேலைக்கு உடம்பு கூடுதல் ஆக்சிஜனைத்தான் செலவழித்தது.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கடைசி 200 மீட்டர் பாய்ச்சலில் கால் வழுக்காது. குண்டும் குழியுமான ரோட்டில் பாதம் துள்ளாது. எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு சுற்றிலும் பாதம் அதே இடத்தில் இருக்கும். நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் மணிக்கு 5,400. ஷூவின் அடியில் இருந்து பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டான கிளீட்டைச் சரியான இடத்தில் மாட்டியிருந்தால் 5,400 முறையும் சுகம். கோணலாக மாட்டியிருந்தால் 5,400 முறையும் முழங்காலுக்கு வதை.

கே: இரண்டு துளை கிளீட்டா, மூன்று துளை கிளீட்டா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், நண்பர் வேறு சொல்கிறார். – கோவை வாசகி

ப: ரோடு பைக் உலகில் முதலில் வேரூன்றியது மூன்று துளைதான். பனிச்சறுக்குக் காலணியைப் பலகையோடு பூட்டும் கருவிகளைச் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம், அதே உத்தியை 1984-ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸை வென்றார். அதற்கு முன்பு பாதத்தை ஒரு கூண்டுக்குள் நுழைத்துத் தோல்வாரால் இறுக்குவார்கள். நிறுத்தும்போது குனிந்து கையால் தளர்த்த வேண்டும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கால் விடுபடும் என்பது அந்த நாளில் எவ்வளவு பெரிய விடுதலை என்று எண்ணிப் பாருங்கள்!

இரண்டு துளை வகையான, ஷிமானோ நிறுவனத்தின் எஸ்.பி.டி. 1990-ல் மலைச் சைக்கிளுக்காக வந்தது. கிளீட் சின்ன இரும்புத் துண்டு, இரண்டு ஸ்குரு. ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்வதால் சாதாரணமாக நடக்கலாம். பெடலும் பெரும்பாலும் இருபக்கம். குனிந்து பார்க்காமல் மிதித்தால் மாட்டிக்கொள்ளும். மூன்று துளைக் கிளீட் அகலமான பிளாஸ்டிக். சோலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், டைல்ஸ் தரையில் வழுக்கும், வாத்து நடைதான் நடக்க வரும். பெடல் ஒருபக்கம் மட்டுமே. ஆனால் அழுத்தம் பாதத்தில் பரவலாக விழும், பிடிப்பும் உறுதி.

என் தீர்ப்பு இதுதான். டீக்கடையில் இறங்குவீர்கள், ரயில்வே கேட்டில் நிற்பீர்கள், பஞ்சரானால் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள் என்றால் இரண்டு துளை. பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறீர்கள், ஏறினால் இரண்டு மணி நேரம் இறங்கவே மாட்டீர்கள் என்றால் மூன்று துளை. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டர் முடிக்கும் நெடுந்தூர பிரவே ஓட்டக்காரர்களில் பலர் இரண்டு துளைதான் போடுகிறார்கள். ரோடு பைக்கில் எஸ்.பி.டி. போடுவது மட்டம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கே: ஷூ ஒரு கம்பெனி, பெடல் இன்னொரு கம்பெனி. ஒத்துவருமா? – மதுரை வாசகர்

ப: ஷூவுக்கும் கிளீட்டுக்கும் துளைக் கணக்கு ஒத்துப்போனால் போதும். கிளீட்டும் பெடலும் மட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஷிமானோவின் ரோடு கிளீட், லுக் கியோ பெடலில் மாட்டாது. இரண்டுக்கும் மூன்று துளை என்றாலும்தான். லுக்கின் பழைய டெல்டா கிளீட்கூட அதே லுக்கின் கியோவில் மாட்டாது.

கே: கிளிப்லெஸ்ஸுக்கு மாறிய மூன்றாவது வாரத்திலிருந்து முழங்கால் வலி. சிவப்புக் கிளீட் போட்டிருக்கிறேன். திரும்ப ஃப்ளாட்டுக்கே போய்விடவா? – திருச்சி வாசகர்

ப: அவசரப்படாதீர்கள். முதலில், எந்தக் கம்பெனி சிவப்பு? ஷிமானோ ரோடு கிளீட்டில் சிவப்பு என்றால் அசைவே இல்லை, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி. லுக் கியோவில் கதை தலைகீழ்: கறுப்புக்கு அசைவில்லை, சாம்பல் 4.5 டிகிரி, சிவப்பு 9 டிகிரி. பூட்டியிருக்கும்போதே குதிகால் இடவலமாக நகர விடும் இந்த இடத்தைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள். உங்களுடையது ஷிமானோ சிவப்பு என்றால் இன்றைக்கே கழற்றி மஞ்சள் போடுங்கள். புதிதாக மாறுகிறவர் காலை அசைவில்லாத கிளீட்டில் பூட்டி அனுப்புவது அக்கிரமம்.

அடுத்து, கிளீட் இருக்கும் இடம். ஒரு மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? சிலருக்கு நேர், சிலருக்கு வெளிப்பக்கம், ஒரு கால் ஒரு மாதிரி மறு கால் வேறு மாதிரியும் இருக்கும். கிளீட் அந்தக் கோணத்தைத்தான் பின்பற்ற வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு பெருவிரலின் அடிமூட்டு துருத்தும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, பேனாவால் ஒரு கோடு போடுங்கள். சுண்டுவிரல் பக்கமும் அப்படியே. பெடல் அச்சு இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் வரட்டும். கொஞ்சம் பின்னால் போனால் பரவாயில்லை, முன்னால் போகக் கூடாது. ஸ்குருவை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர்வரை இறுக்குங்கள்.

சீட் உயரத்தையும் பாருங்கள். புது ஷூ, புது பெடலின் தடிமன் மாறினால் சீட்டுக்கும் பாதத்துக்கும் உள்ள தூரமும் மாறிவிடும். முழங்காலுக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் என்றால் உயரம் அதிகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஓரிரு மில்லிமீட்டர் மாற்றி ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் போய்விடுங்கள். வலியோடு மிதிப்பதில் எந்த வீரமும் இல்லை.

கே: கார்பன் சோல் ஷூ வாங்கியே தீர வேண்டுமா? – புதுச்சேரி வாசகர்

ப: வேண்டாம். நைலான் சோலில் வருடக்கணக்காக ஓட்டலாம். போவா திருகா, வெல்க்ரோவா, லேஸா என்பதும் இரண்டாம்பட்சம். பாதம் உள்ளே எப்படி உட்காருகிறது என்பதுதான் விஷயம். மாலையில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்து, வெயிலில் வீங்கிய பாதம்தான் உங்கள் நிஜமான அளவு. ஓட்டும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். குதிகால் தூக்கக் கூடாது, விரல்கள் ஆட இடம் இருக்க வேண்டும். செருப்பிலேயே வளர்ந்த நம் ஊர்ப் பாதங்கள் பலவும் முன்பக்கம் அகலம். ஒடுங்கிய ஷூவில் ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துவிடும். அதற்காக ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் குதிகால் ஆடும். ஷிமானோ, லேக் இரண்டிலும் அகலப் பாதத்துக்கென்றே ஷூ உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கே: சிக்னலில் கால் கழலாமல் எல்லார் முன்னிலும் விழுந்துவிடுவேனோ என்று பயம். – சேலம் வாசகி

ப: பயம் நியாயமானது, பயிற்சியில் போய்விடும். பெடலில் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் சின்ன ஸ்குரு இருக்கும். அதை முழுக்கத் தளர்த்துங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக மாட்டிக் கழற்றுங்கள். பிறகு பள்ளி மைதானத்துப் புல்லில் ஓட்டிப் பாருங்கள். ரோட்டில் இறங்கியபின், சிக்னலுக்கு ரொம்ப முன்னாலேயே இடது காலைக் கழற்றி, உடம்பையும் இடது பக்கமே சாயுங்கள். நின்றபிறகு கழற்ற முயல்கிறவர்கள்தான் விழுகிறார்கள். எஸ்.பி.டி.யில் மல்டி ரிலீஸ் கிளீட் கிடைக்கிறது. குதிகாலை எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்டுவிடும். முதல் சில மாதத்துக்கு அதைப் போடுங்கள்.

கே: இடது பெடல் கழல மறுக்கிறது. துருவா? – தஞ்சாவூர் வாசகர்

ப: அதற்கு மரை எதிர்ப்பக்கம். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். இரு பெடலுக்கும் கழற்ற இதுவே வழி. மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள்.

கே: கையில் பணம் குறைவு. எதில் செலவு செய்வது, எதில் மிச்சம் பிடிப்பது? – நாகர்கோவில் வாசகர்

ப: ஷூவில் செலவு செய்யுங்கள், பெடலில் மிச்சம் பிடியுங்கள். பழைய பெடலே போதும்: அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள், கரகரக்காமல் ஓட வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஷூ மட்டும் பழையது வேண்டாம், அது இன்னொருவர் பாதத்துக்குப் பழகியது. கிளீட்டும் புதிதாகவே வாங்குங்கள்; தேய்ந்த கிளீட் நினையாத நேரத்தில் காலை விட்டுவிடும். மாற்றுவதற்கு முன் பழைய கிளீட்டைச் சுற்றி சோலில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் அந்த ஷூவோடு நடக்க வேண்டாம்.