தீவுக்குப் போக ஒரு வேன்

பெரம்பலூர்க்காரர்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு ரொம்பப் பழையது. பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் கடல் இருந்தது. காரை, குளக்காநத்தம் பக்கம் போனால் செம்மண் மேட்டிலும் பள்ளத்திலும் சிப்பி, நத்தையெல்லாம் கல்லாகிக் கிடக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகத்துக்குச் சொன்னார். 2020-இல் குன்னம் ஏரியில் உருண்டை உருண்டையாகக் கல் கிளம்பியபோது, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு செல்ஃபி எடுத்தது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டையெல்லாம் இல்லை, அம்மோனைட் என்கிற கடல் உயிரியைச் சுற்றி மண் இறுகிய உருண்டை என்றதும் கூட்டம் கலைந்தது. கடல் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான் மரியாதை. அது விட்டுப்போன சுண்ணாம்பை அரியலூர்க்காரர்கள் சிமெண்ட் மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், வானம் பார்த்த பூமி. மாவட்டத் தலைநகர்தான், ஆனால் ரயில் கிடையாது.

இப்படிப்பட்ட ஊரில் தீவைப் பற்றிப் பேச்சு எழ வேண்டுமென்றால் அது சிங்கப்பூரிலிருந்துதான் வர வேண்டும். வந்தது. சித்தப்பா மகன் அங்கே கட்டட வேலையில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை புலாவ் உபின் என்கிற குட்டித் தீவுக்குப் போய் வந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்களையும் ஒரு குரல்பதிவையும் கொட்டிவிட்டான். சாங்கியிலிருந்து படகு. அதற்கு நேரம் காலம் கிடையாது, பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். தீவில் இறங்கினால் வாடகை சைக்கிள். அம்மா குரல்பதிவை இரண்டு தடவை கேட்டுவிட்டு, "நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேரணும்போல" என்று தீர்ப்புச் சொன்னார். என் மனைவி தீர்ப்போடு நிறுத்தவில்லை.

"சமுத்திரம் தாண்டிப் போய் மூட்டை தூக்குற புள்ளை, லீவு நாள்ல தீவு பாக்குது. இங்க ஒரு ஞாயித்துக்கிழமைன்னா ஆறு மணி வரைக்கும் லுங்கிய மாத்தறது கிடையாது."

அப்போதுதான் சொன்னேன். நமக்கும் ஒரு மணி நேரத்தில் பெரிய நகரம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டி ஒரு தீவும் இருக்கிறது. காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம்.

வீடு அமைதியானது. மகள் மட்டும் ஆசையோடு கேட்டாள்: "எதுப்பா?"

"ஸ்ரீரங்கம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எங்கள் வீட்டார் கணக்கில் ஸ்ரீரங்கம் என்பது கோயில். அல்லது திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ் மெதுவாகப் போகிற இடம். ஆனால் வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, இரண்டுக்கும் நடுவில் தரை. முக்கொம்பில் பிரிகிற ஆறுகள் கல்லணைப் பக்கம்வரை அந்தத் தரையை அணைத்துக்கொண்டு போகின்றன. மகளின் போனில் செயற்கைக்கோள் படத்தையே காட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கொள்ளிடத்துல தண்ணியே காணோமே? வெறும் மணலால்ல கெடக்கு. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் மணலுன்னா அது எப்பிடிப்பா தீவு?"

கேள்வி நியாயமானது. கொள்ளிடம் பள்ளமான ஆறு, ஓட்டமும் அதிகம். விட்டால் மொத்தத் தண்ணீரையும் அதுவே வாரிக்கொண்டு கடலுக்குப் போய்விடும், காவிரி மேடிட்டுத் தஞ்சாவூர் காய்ந்துவிடும். அதனால்தான் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டித் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். அன்றிலிருந்து வெள்ளம் மிஞ்சினால்தான் கொள்ளிடத்துக்குப் பங்கு. மிஞ்சும்போது மிஞ்சும்தான், 2018 ஆகஸ்டில் வந்த வேகத்தில் மேலணையின் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனது, பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. மற்ற நாளில், ஸ்ரீரங்கம் தீவா இல்லையா என்பதை மேட்டூரில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்தான் முடிவு செய்கிறார்.

இதையெல்லாம் விளக்கினேன். "மேட்டூருக்கு போன் போட்டுக் கேட்டுட்டே போலாம்" என்றார் மனைவி. ஆனால் 'போலாம்' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டதே, அதைப் பிடித்துக்கொண்டேன்.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? வருடா வருடம் பொருட்காட்சிக்குத் தீவுத்திடல் போகிறார்கள். முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரிடம், "நீங்கள் நிற்பது கூவத்துக்கு நடுவில் ஒரு தீவு" என்று சொல்லிப் பாருங்கள். மிளகாய்ப்பொடி இன்னும் கொஞ்சம் தூவச் சொல்வார்.

அடுத்தது நாள் குறிப்பது. வியாழக்கிழமை தெற்கே சூலம், திருச்சி தெற்கே இருக்கிறது, எனவே வியாழன் இல்லை. திங்கள் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகுகாலம், தவிர எனக்கு ஆபீஸ். சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள், அதனால் தமிழ்நாடே அங்கே நிற்கும். ஞாயிறுதான் மிச்சம். ஆனால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் எங்களுக்குக் குலதெய்வம். அந்தக் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அவள் வாசல் பக்கமாகப் போய்விட்டுக் கும்பிடாமல் எப்படிப் போவது? நாள் குறிப்பது இத்தோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். அம்மாவே வழக்கை முடித்தார்:

"தொறந்து வச்சிருக்கறப்ப தாண்டிப் போனாத்தான் குத்தம். ஞாயித்துக்கிழமை அவளே கதவ சாத்திக்கிட்டு இருக்கா. நம்ம மேல என்ன தப்பு?"

உயர்நீதிமன்றத்தில் இருந்திருக்க வேண்டிய அம்மா.

திருச்சி சாலையில் தெய்வங்கள் சோதனைச்சாவடிபோல வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சிறுவாச்சூர் தாண்டினால் பாடாலூரில் பூமலை சஞ்சீவிராயர். கொஞ்சம் உள்ளே போனால் ஊட்டத்தூர் சிவன். அப்புறம் சமயபுரம், அங்கே இறங்காமல் போவது என்கிற பேச்சுக்கே இடமில்லை. மாசி, பங்குனியில் நமக்காக 28 நாள் பட்டினி கிடக்கிறவள் அவள். ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்த முடியாதா?

இந்த இடத்தில் ஒரு வரலாறு சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குத் திட்டம் போட்டுப் போய்ச் சேராதவர்களில் மூத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1752-இல் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, நிலைமை சரியில்லை என்று ஸ்ரீரங்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஆளும் பணமும் கொண்டுபோய்ச் சேர்க்கப் புதுச்சேரியிலிருந்து டூப்ளே அனுப்பியவர் டோத்தேய். ஊட்டத்தூர்வரை வந்துவிட்டார். வழியில் சமயபுரத்தில் ராபர்ட் கிளைவ் படையோடு குந்தியிருந்தான். தாண்ட முடியவில்லை. திரும்பிப் போனவர் எங்கள் வாலிகண்டபுரத்துப் பக்கம் சரணடைந்தார். அடுத்த சில நாளிலேயே ஸ்ரீரங்கத்தில் ஜாக் லாவும் சோறு தண்ணி இல்லாமல் கையைத் தூக்கினார். இந்தியாவில் பிரெஞ்சு ராஜ்ஜியக் கனவு கலையத் தொடங்கிய இடங்களில் ஒன்று, இப்போது நாம் டோல் கட்டுகிற சாலை. இதை உருக்கமாகச் சொல்லி முடித்தேன்.

"சமயபுரத்துல எறங்காம நேரா ஸ்ரீரங்கம் போவணும்னு நெனச்சா அப்பிடித்தான் ஆவும்" என்றார் அம்மா.

வண்டி விஷயம். பஸ் போதும் என்பது என் கட்சி: நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் கொள்ளிடம் பாலம், அவ்வளவுதான். "அங்கேருந்து பொம்பளைங்க எங்களுக்கு டிக்கெட்டே கிடையாது, உங்களுக்கு மட்டும்தான்" என்று மனைவியும் என் பக்கம் வந்தார். அரியலூர் மைத்துனன் போனில் சிரித்தான்.

"நீங்க வேனோ பஸ்ஸோ பாருங்க மாமா. நான் ரயில்ல ஏறுனா ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்லயே எறங்கிக்குவேன். தீவுக்கு உள்ளயே!"

1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தபோது நாமெல்லாம் ஒரே மாவட்டம். 2001-இல் அவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள், 2002-இல் திரும்பி வந்தார்கள், 2007-இல் மறுபடி போனார்கள். போகும்போது ரயிலையும் கொண்டுபோய்விட்டார்கள். பேசி என்ன பயன்.

பஸ்ஸைக் கவிழ்த்தது வெங்காயம். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் பெரியத்தை இருக்கிறார். தீவுக்குப் போய்விட்டு அத்தை வீட்டுக்குப் போகாமல் வர முடியாது; அத்தை வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது; பெரம்பலூர்க்காரன் கையில் வெங்காயம் இல்லாமல் போனால் அது கை இல்லை. சித்தப்பா வயல் பட்டறைக்குப் போனோம். தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, பக்கத்தில் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்து, காற்று புகுந்து புகுந்து வரும்படி நீளமாக ஒரு குடிசை. உள்ளே கையை விட்டுக் கலைத்தால் செந்நிறச் சருகு முழங்கைவரை ஒட்டும், நெடி மூக்கில் ஏறும். சித்தப்பா பார்த்துப் பொறுக்குவதில்லை, தொட்டுப் பொறுக்குவார். கெட்டியாக இருந்தால் சாக்குக்கு. விரல் லேசாக உள்ளே போனால் சத்தமில்லாமல் பின்னால் வீசுவார். கடைசியில் ஒரு சாக்கு நிறைந்தது. சாக்கைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. வேன் பேசினோம்.

வேன் என்றதும் தீவு காணாமல்போனது. சீட்டு இருக்கிறதென்று சேதி பரவியது. சித்தப்பா ஒரு எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டார். தில்லைநகரில் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிற டாக்டர் இருக்கிறாராம். சின்னம்மா பேரனுக்குச் சமயபுரத்தில் மொட்டை. மனைவிக்கு மலைக்கோட்டைக் கடைத்தெருவில் ஜவுளி. அம்மாவுக்கு உறையூரில் ஒரு துக்கம் விசாரிக்க வேண்டும்.

இந்தத் துக்கம்தான் சிக்கல். துக்க வீட்டுக்குப் போய்விட்டுக் கோயிலுக்குப் போகக் கூடாது. சரி, கோயில் முதலில். ஆனால் கோயிலுக்குப் போனால் நேரே வீட்டுக்குத்தான் வர வேண்டும், துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. மகள் இதைத் தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பார்த்தாள், வழியே இல்லை. அம்மா ஒரு வாய் வெற்றிலையோடு தீர்த்துவைத்தார்: கோயிலிலிருந்து நேரே பெரியத்தை வீடு. அதுவும் வீடுதானே? அங்கே ஒரு வாய் காபி குடித்தால் வீட்டுக்கு வந்த கணக்கு. அதன்பிறகு உறையூர்.

இதற்குள் மூன்று ஞாயிறு ஒத்திப்போடப்பட்டிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் எங்கள் வீட்டை உங்களுக்குத் தெரியும் என்று அர்த்தம். எனக்கு ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம்தான் ஆறுதல். பல தலைமுறை அடித்தளத்தோடு மொட்டையாக நின்றுவிட்டு, 1987-இல்தான் 236 அடிக்கு எழுந்தது. பெருமாள் வாசலிலேயே வேலை இவ்வளவு இழுக்குமென்றால், வேன் டிரைவரிடம் நாள் மாற்றிக் கேட்க எனக்கென்ன கூச்சம்.

ஆவணியில் ஒரு ஞாயிறு போனோம். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தேங்காய்த் துவையல். சமயபுரத்தில் மொட்டை போட்டு, சந்தனம் தடவி, பேரன் அழுது முடிப்பதற்குள் பத்து மணி. கொள்ளிடம் பாலத்தில் வேன் ஏறியதும் எழுந்து நின்று அறிவித்தேன்: "எல்லாரும் பாருங்க, தீவுக்குள்ள நுழையறோம்!" சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சின்னம்மா மூடி கழன்ற தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார். கீழே மணல். நடுவில் கோடு போட்டாற்போலக் கொஞ்சம் தண்ணீர். மகள் மட்டும் படம் எடுத்து சிங்கப்பூருக்கு அனுப்பினாள். 'இது என்ன க்ரௌண்டு?' என்று பதில் வந்தது.

கோயிலில் வரிசை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். மைத்துனன் எங்களுக்கு முன்பே ரயிலில் வந்து, தரிசனம் முடித்து, வெளியே நிழலில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். அம்மா மண்டபத்துறையில்தான் மகளின் முகம் மலர்ந்தது. காவிரி படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. மேட்டூர் எங்களை ஏமாற்றவில்லை.

பெரியத்தை வாசலிலேயே வெங்காயச் சாக்கை வாங்கிப் பிரித்து, நாலைந்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்களை "வாங்க" என்றார். கணக்குப்படி எல்லோரும் காபி குடித்தோம்.

"என்னடா திடுதிப்புனு இத்தனை பேரு?"

"தீவு பாக்க வந்தோம் அத்தே."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "தீவா? வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்து பேரன் பேத்தி எடுத்தாச்சு, பக்கத்துல தீவு இருக்குன்னு ஒரு நாதியும் எங்கிட்டச் சொல்லலியே! எந்தப் பக்கம்? முக்கொம்புக்கு அங்கிட்டா? படகுல போவணுமா?"

மகள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினார். நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லவும் மனம் வரவில்லை, மேலணையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கவும் தெம்பில்லை. இந்தத் தீவு முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிற இடம் ஒன்றுதான், அது காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உச்சிப்பிள்ளையார் கோயிலிலிருந்து வடக்கே பார்த்தால் இரண்டு ஆறும், நடுவில் தென்னந்தோப்பும் கோபுரங்களும் தெரியும்.

"மலைக்கோட்டை மேல ஏறிப் பாத்தா நல்லாத் தெரியும் அத்தே" என்றேன்.

"செத்த இரு" என்று உள்ளே போனவர், புதுச்சேலையும் மஞ்சள் பையுமாக வந்து கதவைப் பூட்டினார். வேனில் சீட்டு இல்லை. வெங்காயச் சாக்கு இறங்கிய இடத்தில் அத்தை ஏறி உட்கார்ந்துகொண்டார்.