பழைய ஜீப்புக்கு எந்த ஆயில்? ஒரு சேர்வராயன் மலை ஆராய்ச்சி

தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர் பலர். ஏற்காட்டுப் பழைய டீசல் ஜீப்புக்கு எந்த எஞ்சின் ஆயில் ஊற்றுவது என்பதற்கோ ஒரு குறிப்புரையும் எழுந்ததாகத் தெரியவில்லை. அக்குறை தீர்க்கவே இவ்வாய்வு.

ஆய்வுக்களம்: சேலத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். ஆய்வுப்பொருள்: மிளகு மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு காப்பித் தோட்ட மண்பாதைகளில் முனகும் பழைய மஹிந்திரா. சான்றுகள் பட்டறை வாசல் பெஞ்சில் திரட்டப்பட்டவை.

இத்துறையில் பள்ளிகள் இரண்டு. "வயசான எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தாங்க தாங்கும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது கெட்டிப்பள்ளி. 15டபிள்யூ-40 போதும் என்பது கம்பெனிப்பள்ளி. "கொறஞ்சா ஊத்திக்கலாம், மாத்தறது எதுக்கு?" என்பாரும் உளர், அது பள்ளி அன்று, கஞ்சத்தனம் என்க.

கெட்டிப்பள்ளியின் ஆய்வுமுறை நுட்பமானது. டிப்ஸ்டிக்கை உருவி, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, விரல்களை மெல்லப் பிரித்து, இழை எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பார்கள். பார்க்கையில் ஒரு கண்ணைச் சுருக்குவது மரபு. ஆனால் 40 என்ற எண், 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலையை அளந்து இட்டது: 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. 50 என்றால் 21.9 வரை போகலாம். அந்தச் சூட்டில் விரலை வைத்துச் சோதிக்க முன்வந்த மெக்கானிக் எவரும் இல்லை.

கெட்டி ஊற்றினால் பிரஷர் மீட்டர் முள் ஏறுகிறதே எனின், ஏறும். முள் காட்டுவது அழுத்தம். பேரிங்குக்கு வேண்டியதோ ஓட்டமும்தான். டிசம்பர் விடியலில் பனிமூட்டத்துக்குள் ஸ்டார்ட் செய்யும்போது, இரவெல்லாம் சம்ப்புக்கு வடிந்து கிடந்த ஆயில் மேலே வால்வு வரை போய்ச் சேர வேண்டும். அதுவரை இரும்பும் இரும்பும் உரசும். 15டபிள்யூ அங்கே சீக்கிரம் போகும். அது மைனஸ் 20 டிகிரியிலும் எஞ்சினைச் சுழலவிடுமா என்று சோதிக்கப்பட்டது. ஏற்காடு எவ்வளவு நடுங்கினாலும் அவ்வளவு நடுங்காது. சூட்டில் ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுக்கும் அளவுக்குத் தேய்ந்த எஞ்சினுக்கு மட்டும் 50-ஐ அனுமதிக்கலாம். அதுவும் எஞ்சின் இறக்கப் பணம் சேரும்வரைதான்.

மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிட்டது, போலி என்று புலம்புவது பிழை. டீசல் புகைக்கரியைச் சுமந்து நிற்பது ஆயிலின் கடமை. கறுக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

டப்பாவின் பின்புறம் படிப்போர் அரியர். அங்கே ஏபிஐ சிஐ-4 என்ற தரக்குறி இருந்தால் போதும். 2016-இல் வந்த சிகே-4-உம் பழைய எஞ்சினுக்கு ஆகும். ஆனால் அதன் கூடப்பிறந்த எஃப்ஏ-4 மெலிந்தது, புது எஞ்சினுக்கென்றே பிறந்தது, தொடவேண்டாம். டீசலின் கந்தகம் 2020 ஏப்ரல் முதல் 10 பிபிஎம் அளவுக்குக் குறைந்துவிட்டதால், ஆயிலைக் கெடுக்கும் அமிலமும் முன்போல் இல்லை. தாத்தா ஜீப்புக்குப் பேரன் காலத்து டீசல் கிடைத்தது யோகமே.

ஆகவே கம்பெனிப்பள்ளி வென்றது. இருந்தும் இரு பள்ளியாரும் கவனிக்காத பொருள் ஒன்று உண்டு: தூசி. மண்பாதைப் புழுதி உள்ளே போனால் எந்த ஆயிலும் ரிங்கையும் சிலிண்டரையும் காப்பாற்றாது. இந்த ஜீப்புகள் பலவற்றில் ஏர் கிளீனரின் அடியில் ஆயில் கிண்ணம் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, அடியில் எத்தனை விரற்கடை சேறு படிந்திருக்கிறது என்று பாருங்கள். 40-ஆ 50-ஆ என்று பிறகு சண்டை போடலாம்.